செய்மதி காட்டும் வழியும் கால் நடக்கும் வழியும்

(சங்க மண்டபத்தில் நடைபெற்ற மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)

   

இன்றைய கூட்டத்தில் விஞ்ஞான சம்பந்தமான ஒரு விஷயத்தைப்பற்றிப் பேசும்படி நமது செயலாளர் என்னைக் கேட்டபொழுது, எதைப் பேசுவதென்று நான் நெடுநேரம் யோசிக்கவில்லை. சென்ற விடுமுறையிலே நமது சங்கத்து வாலிபர் எண்மர் நக்கிள்ஸ் மலைத்தொடருக்குச் சென்று வந்தோம். அங்கே நடந்த காரியம் அரைகுறையாக உங்களிற் பலருடைய காதிலும் விழுந்திருக்கும். அதனை முழுமையாகச் சொல்லவேண்டிய கடமை எனக்குண்டு. ஏனெனில் அக் குழுவுக்குத் தலைவனாகச் சென்றவன் நானே. இதோ, என் கையிலிருக்கும் இச் சிறு கருவியை நம்பி, வழிகாட்டி ஒருவரும் வேண்டாமென்று சொல்லிப் புறப்பட்டவனும் நானே. ஆகவே கருவியின் பெருமையையும் சொல்லி, என் தவறையும் சொல்லிவிட எண்ணுகிறேன். தவறைமட்டும் சொன்னால் கருவியின்மீது பழி விழும். பெருமையைமட்டும் சொன்னால் நான் உண்மை சொன்னவனாக மாட்டேன்.

இதனைப் பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி. இரண்டு சிறிய பற்றரிகளில் ஏறக்குறைய ஒரு பகல் முழுவதும் இயங்கும். மழையில் நனைந்தாலும் கெடாது. இதனை ஜீ. பீ. எஸ். கருவி என்று சொல்கிறார்கள். இது ஓர் அலைவாங்கி. வானொலிப் பெட்டியைப்போல அலைகளைக் கேட்குமேயன்றித் தான் எதனையும் அனுப்புவதில்லை. எனவே ‘செய்மதி நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது’ என்று சிலர் எண்ணுவது சரியன்று. செய்மதி நம்மை அறியாது. அது தன் பாட்டில் ஒலிபரப்பிக்கொண்டு போகிறது; நாம்தான் அதனைக் கேட்டு நமது இடத்தைக் கணித்துக்கொள்கிறோம்.

எப்படிக் கணிக்கிறோம்? இதற்குப் பெரிய கணிதம் வேண்டுவதில்லை. ஒரு வெளியான வயலிலே மூன்று பனைகள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்ணைக் கட்டி அவ் வயலிலே விட்டுவிடுகிறார்கள். முதலாம் பனையிலிருந்து நீங்கள் நாற்பது முழத் தூரத்தில் நிற்கிறீர்கள் என்றுமட்டும் யாரோ சொல்கிறார்கள். அப்படியானால் அப் பனையைச் சுற்றி நாற்பது முழக் கயிற்றால் கீறிய வட்டத்தில் எங்கேயாவது நீங்கள் நிற்கலாம். இரண்டாம் பனையிலிருந்துள்ள தூரமும் தெரிந்தால், இரண்டு வட்டங்களும் வெட்டும் இரு புள்ளிகளில் ஒன்றில் நிற்கிறீர்கள். மூன்றாம் பனையின் தூரம் தெரிந்தவுடன் எந்தப் புள்ளி என்பது தீர்ந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் கேத்திரகணிதம் படித்த எவருக்கும் இது விளங்கும். இங்கே பனைகளுக்குப் பதிலாகச் செய்மதிகள்; கயிற்றுக்குப் பதிலாக வானொலி அலை.

இச் செய்மதிகள் பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், ஆறு பாதைகளில், ஒவ்வொன்றும் ஏறக்குறைய பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றி வருகின்றன. வானொலி அலை ஒளியின் வேகத்தில், அதாவது செக்கனுக்கு ஏறக்குறைய மூன்று இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்வது. ஆகவே தலைக்கு நேர்மேலே நிற்கும் செய்மதியின் அலை நம்மை வந்தடைய, ஒரு செக்கனைப் பதினைந்து கூறாக்கினால் அதில் ஒரு கூறு நேரம் செல்லும். ‘இன்ன நேரத்தில் இதனை அனுப்பினேன்’ என்று செய்மதி சொல்கிறது. ‘இன்ன நேரத்தில் கிடைத்தது’ என்று கருவி குறிக்கிறது. இடையிலுள்ள நேரத்தை ஒளியின் வேகத்தாற் பெருக்கினால் தூரம் வந்துவிடுகிறது.

ஆனால் இங்கேதான் ஒரு சிக்கல். ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால் தூரம் 300 மீட்டர் பிழைத்துவிடும். செய்மதிகளிலே அணுமணிக்கூடுகளை வைத்திருக்கிறார்கள். நமது கைக்கருவியில் இருப்பதோ சாதாரணக் கைக்கடிகாரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு மணிக்கூடு. அது பிழையான நேரமே காட்டும். இதற்காகத்தான் நான்காவது செய்மதி ஒன்று தேவைப்படுகிறது. மூன்று செய்மதிகள் இடத்துக்கும், நான்காவது நமது மணிக்கூட்டின் பிழையைத் திருத்துவதற்கும் என்று கொள்ளலாம்.

இன்னொரு விநோதத்தையும் சொல்லவேண்டும். ஐன்ஸ்டைன் சொன்ன சார்புக் கொள்கை புத்தகத்தில் இருக்கும் விஷயம் என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஈர்ப்புக் குறைந்த உயரத்தில் இருப்பதால் செய்மதியின் மணிக்கூடு நாளொன்றுக்கு ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் 45 பங்கு முந்துகிறது. அதன் வேகத்தினால் 7 பங்கு பிந்துகிறது. மிச்சம் 38 பங்கு முந்தல். இதனைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் தூரக் கணக்கு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பிழைத்துவிடும். ஆகவே மலையிலே இக் கருவியைப் பார்த்து ஓரடி எடுத்து வைக்கிறவன், அறிந்தோ அறியாமலோ, ஐன்ஸ்டைனை நம்பியே அடி வைக்கிறான்.

இதன் வரலாறும் சுவையானது. 1957ஆம் ஆண்டு ருஷ்யர் முதலாவது ஸ்புட்னிக்கை அனுப்பியபொழுது, அமெரிக்காவில் விஞ்ஞானிகள் இருவர் அதன் சத்தத்தைக் கேட்டு, அலையின் ஏற்ற இறக்கத்தைக்கொண்டு அது செல்லும் பாதையைக் கணித்தார்கள். நிலத்தில் இருந்துகொண்டு செய்மதியின் இடத்தை அறியலாமானால், செய்மதியைக்கொண்டு நிலத்தில் உள்ளவனின் இடத்தையும் அறியலாமன்றோ என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்தது. இப்பொழுதுள்ள அமைப்பு 1973இல் அமெரிக்கப் படையினரால் திட்டமிடப்பட்டது. 1978இல் முதலாவது செய்மதி ஏறியது. 1983 செப்ரெம்பர் முதலாந் தேதி, அலாஸ்காவிலிருந்து சியோலுக்குப் பறந்த கொரியப் பிரயாண விமானமொன்று வழி தவறிச் சோவியத் எல்லைக்குள் சென்று சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 உயிர்கள் போயின. அதன்பின்னரே, இவ்வமைப்பு பூர்த்தியானதும் பொதுமக்களும் இதனை இலவசமாக உபயோகிக்கலாமென்று அமெரிக்க அரசு அறிவித்தது. அந்த விமானத்தில் திசை காட்டும் கருவிகள் இல்லாமலில்லை. தானியங்கியை எந்த நிலையில் வைத்திருந்தார்களோ, அந்த நிலை மாறவில்லை என்பதை விமானிகள் கவனிக்கவில்லை. இதனை நினைவில் வைத்திருங்கள். பின்னர் என் கதையிலும் இது வரும்.

1989இல் முதன்முதலாகப் பொதுமக்கள் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய ஜீ. பீ. எஸ். கருவியை மகெலன் என்ற கம்பெனியார் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். 1995இல் அமைப்பு முழுமை பெற்றது. ஆயினும் பொதுமக்களுக்கான அலையிலே வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பினார்கள். இடம் நூறு மீட்டர்வரை பிழைத்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம் 2ஆந் தேதி அப் பிழை நீக்கப்பட்டது. அதற்கு மறுநாளே, அமெரிக்காவின் ஒறிகன் மாகாணத்தில் ஒருவர் ஒரு வாளியிலே சில பொருள்களை இட்டுக் காட்டுப்புறத்தில் ஒளித்து வைத்து, அவ்விடத்தின் எண்களை வெளியிட்டு, ‘முடிந்தவர்கள் கண்டுபிடியுங்கள்’ என்றார். அதிலிருந்து தோன்றிய ஒளித்துத் தேடும் விளையாட்டு இன்று உலகெங்கும் பரவிவிட்டது. போருக்கென்று பிறந்த கருவி பத்து நாளும் செல்லாமல் விளையாட்டுக் கருவியானது மனிதகுலத்துக்கு ஓர் ஆறுதலான செய்தியே. இப்பொழுது ருஷ்யர், ஐரோப்பியர், சீனர் ஆகியோரின் செய்மதிகளும் உலகமெங்கும் அலை வீசுகின்றன. புதிய கருவிகள் எல்லாவற்றையும் கேட்கின்றன.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நக்கிள்ஸ் மலைத்தொடர் கண்டிக்கு வடகிழக்கே உள்ளது. மடக்கிய கை முட்டிபோலத் தோன்றுவதால் ஆங்கிலேயர் அப் பெயரை இட்டனர். சிங்கள மக்கள் அதனைத் தும்பறை மலை என்பர். மூடுபனி சூழ்ந்தது என்பது அப் பெயரின் கருத்து என்பார்கள். பெயரைக் கேட்டாவது நான் எச்சரிக்கை அடைந்திருக்கவேண்டும். உரிய அனுமதி பெற்று, ஒரு தேயிலைத் தோட்டத்தின் எல்லையிலிருந்து காலையில் புறப்பட்டு, மலைத்தோளிலுள்ள கணவாய் ஒன்றைக் கடந்து, ஒரு முகட்டைப் பார்த்துவிட்டு, மாலைக்குள் இறங்குவது எங்கள் திட்டம். ‘ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாகக் கூட்டிச் செல்லுங்கள்’ என்று இங்கே வீற்றிருக்கும் பெரியவர் ஒருவர் எனக்குப் புத்தி சொன்னார். நான் சிரித்துக்கொண்டு இக் கருவியை எடுத்துக் காட்டினேன். அந்தச் சிரிப்பை நினைக்க இன்றும் வெட்கமாயிருக்கிறது.

மிஷன் கல்லூரியில் நான் படித்த காலத்தில் சாரணர் படையில் இருந்தவன். திசையறிகருவியும் தேசப்படமும் எனக்குப் புதியவையல்ல. நில அளவையாளராக இருந்து இளைப்பாறிய என் மாமா வீட்டிலே, நில அளவைத் திணைக்களத்தார் முற்காலத்தில் அச்சிட்ட, ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவிலான பழைய தேசப்படம் ஒன்று இருந்தது. அவர் வீட்டில் இல்லாத சமயம் அதனை விரித்து, ஓரத்திலுள்ள பாகை, கலைகளை அளவுகோல் வைத்து அளந்து, நாங்கள் கடக்கவேண்டிய ஓடை, கணவாய், முகடு ஆகிய மூன்று இடங்களின் எண்களையும் எடுத்துக் கருவியிலே பதித்தேன். ஓர் இடத்தைப் பதித்துவிட்டால், அந்த இடம் எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில் உள்ளதென்று கருவி ஓர் அம்புக்குறியாற் காட்டும். இதைவிட வேறென்ன வேண்டும் என்று எண்ணினேன்.

பத்து மணிவரை எல்லாம் நன்றாகவே நடந்தது. பதினொரு மணியளவில் மூடுபனி இறங்கியது. முன்னே செல்பவனின் முதுகு தெரிந்தது. அதற்கு முன்னே செல்பவன் தெரியவில்லை. அந்த நேரத்தில் ஒற்றையடிப் பாதை வலப்புறமாகக் கிழக்கே திரும்பியது. கருவியின் அம்புக்குறியோ இடப்புறத்தைக் காட்டியது. கணவாய்க்கு இன்னும் நானூறு மீட்டர்தான் என்றும் சொன்னது. ‘பாதை எங்கேயோ சுற்றிப் போகிறது, நாம் நேரே போவோம்’ என்று நான் சொன்னேன். எவரும் மறுத்துப் பேசவில்லை. தலைவன் சொல்லைக் கேட்கும் நல்ல பிள்ளைகள் அவர்கள். அதுதான் என் பொறுப்பை இன்னும் பெரிதாக்கியது.

பாதையை விட்டு மானாப் புல்லுக்குள் இறங்கினோம். புல் தலைக்குமேல் நின்றது. நூறு மீட்டர் சென்றிருப்போம். நிலம் சரியத் தொடங்கியது. கணவாய் மேலே அல்லவா இருக்கவேண்டும், நாம் ஏன் கீழே இறங்குகிறோம் என்ற கேள்வி என் மனத்திலும் எழுந்தது. ஆனால் அம்புக்குறி அசையாமல் முன்னேயே காட்டிற்று. நான் நிலத்தைப் பார்ப்பதை விட்டு அதையே பார்த்தேன். அப்பொழுது எங்களில் ஆக இளையவன், பதினைந்து வயதுப் பிள்ளை, கால் சறுக்கி விழுந்தான். பத்தடி தூரம் வழுக்கிச் சென்று ஒரு பற்றையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. வெகு ஆழத்தில் தண்ணீர் ஓடும் சத்தம்மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் என் வாழ்நாளில் மறக்கமாட்டேன்.

ஒருவர் கையை ஒருவர் பிடித்து அவனை மேலே எடுத்தோம். கணுக்கால் பிரண்டு வீங்கிவிட்டது. புறப்படும்போது அவனுடைய தாயார், ‘தம்பி, இவனை உன்னை நம்பித்தான் விடுகிறேன்’ என்று சொன்னது என் காதில் ஒலித்தது. எனக்கு வாய் திறக்க முடியவில்லை. அப்பொழுது அப் பிள்ளையே, ‘அண்ணா, முன்னுக்குப் போக வேண்டாம், வந்த வழியாலேயே போவோம்’ என்றான்.

வந்த வழி! கருவியை இயக்கிவிட்டால், நாம் நடந்துசெல்லும் தடத்தை அது தானாகவே புள்ளி புள்ளியாகப் பதிந்துகொண்டு வரும். அதனை எடுத்துப் பார்த்தேன். நாங்கள் நடந்த தடம் ஒரு கோடாகத் தெரிந்தது. அக் கோட்டின்மேல் எங்கள் இடம் இருக்கும்படி பார்த்துப் பார்த்து, அவனை மாறி மாறித் தூக்கிக்கொண்டு, பாதைக்கு வந்து சேர இரண்டு மணித்தியாலம் சென்றது. எங்களை வழி தவறவிட்டதும் இக் கருவி. வழி சேர்த்ததும் இக் கருவியே. ஒரே கருவி இரண்டையும் செய்ததெப்படி?

அதற்குமுன் ஒருவரைப்பற்றிச் சொல்லவேண்டும். பாதையால் இறங்கிக்கொண்டிருக்கும்போது, விறகு சேர்த்துக்கொண்டு நின்ற தோட்டத்துப் பெரியவர் ஒருவரைக் கண்டோம். எங்கள் கோலத்தைப் பார்த்ததும் அவர் விறகைப் போட்டுவிட்டு ஓடி வந்து, பிள்ளையைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டார். லயத்திலுள்ள தன் வீட்டுக்குக் கொண்டுபோய், வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்து, எல்லோருக்கும் தேநீர் தந்தார். நான் கருவியைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் அதனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘ஏன் தம்பி, இந்தப் பொட்டிக்கு மலை எங்க இருக்குன்னு தெரியுது, நடுவுல பள்ளம் இருக்குன்னு தெரியுமா?’ என்று கேட்டார். பல்கலைக்கழகத்தில் என்னிடம் கேட்கப்பட்ட எந்தக் கேள்வியும் இவ்வளவு கூர்மையாக இருந்ததில்லை. அந்தப் பாதை கிழக்கே திரும்புவது, பள்ளத்தைத் தவிர்த்து நேரே கணவாய்க்குச் செல்வதற்கே என்றும் அவர் சொன்னார்.

ஊருக்குத் திரும்பியபின் மாமாவிடம் சென்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. தேசப்படத்தை விரித்து, அதன் ஓரத்திலிருந்த சிறிய எழுத்துக்களைக் காட்டி, ‘இதை வாசித்தாயா?’ என்றுமட்டும் கேட்டார். நான் வாசிக்கவில்லை.

விஷயம் இதுதான். பூமி சரியான உருண்டையன்று; துருவங்களிற் சற்றுத் தட்டையானது. தேசப்படம் வரைகிறவர்கள் பூமியின் வடிவத்துக்கு ஒரு கணித உருவத்தை அடிப்படையாக எடுத்துக்கொள்கிறார்கள். இந்தியாவிலே 1802இல் சென்னைக்கு அருகில் லாம்ப்டன் தொடங்கிய பெரிய நில அளவையை அவருக்குப்பின் நடத்திய ஜோர்ஜ் எவரெஸ்ற் என்பவர், 1830இல் அவ்வாறான ஓர் உருவத்தைக் கணித்தார். உலகத்தின் மிக உயர்ந்த சிகரத்துக்குப் பெயர் தந்தவரும் அவரே. இலங்கையின் பழைய தேசப்படங்கள் எவரெஸ்ற்றின் உருவத்தையும், கந்தவளை என்ற இடத்தின் பெயரால் வழங்கும் அளவை அடிப்படையையும் கொண்டு ஆக்கப்பட்டவை. செய்மதிகளோ உலகம் முழுவதற்கும் பொதுவாக 1984இல் வகுக்கப்பட்ட வேறோர் அடிப்படையைக் கொண்டவை. இரண்டிலும் பூமியின் ஆரை மாத்திரமே சுமார் 860 மீட்டர் வேறுபடுகிறது. ஆகவே ஒரே இடத்துக்கு இரண்டிலும் எண்கள் வெவ்வேறு. ஒன்றின் எண்ணை மற்றதில் அப்படியே பதித்தால், நம் நாட்டிலே இடம் இருநூறு மீட்டருக்கும் அதிகமாக மேற்கே தள்ளிப்போய்விடுகிறது. கணவாய் இருந்தது கிழக்கே. நான் கருவியிடம் கேட்டதோ அதற்கு மேற்கே, பள்ளத்தின் சரிவிலுள்ள ஓர் இடத்தை. கருவி, கேட்ட இடத்தைச் சரியாகவே காட்டியது.

தடத்தைப் பின்பற்றியபோது மட்டும் ஏன் பிழைக்கவில்லை? அது தேசப்படத்திலிருந்து எடுத்த எண்ணன்று. கருவி தானே அளந்து பதிந்தது. அளந்ததும் திரும்பிப் பார்த்ததும் ஒரே அடிப்படையில் ஆதலால் பிழை நுழைய வழியில்லை. கருவியின் அமைப்புப் பக்கத்திலே ‘கந்தவளை’ என்ற அடிப்படையைத் தெரிந்தெடுத்துவிட்டு எண்களைப் பதித்திருந்தால் என் பிழையும் நேர்ந்திராது. அரை நிமிட வேலை. கொரிய விமானத்தில் தானியங்கி எந்த நிலையில் இருக்கிறதென்று ஒருமுறை பார்த்திருந்தால் போதுமாயிருந்தது, எனக்கும் அவ்வாறே.

சகோதர வாலிபர்களே! இக் கருவியை உபயோகிக்க விரும்பும் உங்களுக்குச் சில காரியங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, புறப்படுமுன் வெளியான இடத்தில் கருவியை இயக்கிச் சற்றுப் பொறுத்திருங்கள். செய்மதி தன் பாதைபற்றிய விபரத்தை மிக மெதுவாகவே சொல்கிறது. ஒருமுறை சொல்லி முடிக்க அரை நிமிடம் செல்லும். நெடுநாள் மூடி வைத்திருந்த கருவியானால் பல நிமிடங்கள் வேண்டும். இடம் கிடைத்ததும் புறப்படும் இடத்தை முதலிற் பதிந்து, தடப் பதிவையும் தொடக்கிவிடுங்கள். எங்களைக் காப்பாற்றியது அதுவே.

இரண்டாவது, எண்களை எழுதும் முறையைக் கவனியுங்கள். ஆறு பாகை முப்பது கலை என்பது தசமத்தில் 6.5, அது 6.30 அன்று. இதை மாற்றி எழுதினால் இருபது கிலோமீட்டருக்கு மேல் பிழைக்கும். ஒரு கலை ஏறக்குறைய 1,850 மீட்டர். ஒரு விகலை ஏறக்குறைய 30 மீட்டர். இதனை மனத்தில் வைத்திருந்தால் பெரும் பிழைகள் உடனே கண்ணுக்குத் தெரியும்.

மூன்றாவது, ‘பிழை ஐந்து மீட்டர்’ என்று கருவி காட்டினால் அது ஒரு மதிப்பீடேயன்றி வாக்குறுதியன்று. நனைந்த அடர்காட்டின் கீழும், செங்குத்தான பாறையின் அருகிலும் அலை தடைப்படும் அல்லது பாறையிற் பட்டுத் தெறித்து வரும். தெறித்து வந்த அலை கூடிய தூரத்தையே சொல்லும்.

நான்காவது, உயரத்தைப் பற்றியது. செய்மதிகள் அளப்பது அந்தக் கணித உருவத்தின் மேற்பரப்பிலிருந்து. கடல்மட்டமோ அதனோடு பொருந்துவதில்லை. உலகத்திலே கடல்மட்டம் அவ்வுருவத்துக்கு மிகவும் தாழ்ந்திருக்கும் பகுதி நம் இலங்கைக்குத் தெற்கே உள்ளது. நம் நாட்டிலும் வித்தியாசம் நூறு மீட்டர் அளவாகிறது. கருவி இதனைத் திருத்திக் காட்டாவிடின், 2,243 மீட்டர் உயரமான சிவனொளிபாதமலையின் உச்சியில் நின்றாலும் 2,150க்கும் குறைவாகவே காட்டும். பெரும்பாலான கருவிகள் திருத்தியே காட்டுகின்றன; ஆயினும் உயரத்தில் இடத்தைவிடப் பிழை அதிகம் என்பதை அறிந்திருங்கள்.

ஐந்தாவது, விலை குறைந்த கருவிகளிற் பல, நாம் நடக்கும்போதே திசையை அறியும். நின்றால் அதற்குத் திசை தெரியாது. ஆகவே சாதாரணத் திசையறிகருவியொன்றும், கடதாசித் தேசப்படமொன்றும், மாற்றுப் பற்றரிகளும் பையில் இருக்கவேண்டும்.

கைத்தொலைபேசியில் இவையெல்லாம் உண்டே, வேறு கருவி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தொலைபேசிக் கோபுரத்தின் அலை இல்லாத இடத்திலும் தொலைபேசி செய்மதியைக் கேட்கும். ஆனால் தேசப்படத்தை முன்னரே இறக்கி வைத்திராவிட்டால், வெறும் வெள்ளைத் தாளில் ஒரு புள்ளியைத்தான் காட்டும். மலைக் குளிரிலும் மழையிலும் பற்றரி விரைவில் இறங்கிவிடும். நனைந்த விரலுக்குத் திரை பணியாது. ஆபத்துக்கு உதவி கேட்கவேண்டிய தொலைபேசியை வழி பார்த்தே முடித்துவிடுவது புத்தியன்று.

யாவற்றிலும் முக்கியமானது இது: எங்கே செல்கிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் எழுதி வைத்துவிட்டுச் செல்லுங்கள். நம் நாட்டில் மாலை ஆறு மணியளவில் இருட்டிவிடும் என்பதைக் கணக்கிற் கொள்ளுங்கள். அவ்விடத்து மனிதர் ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். அம்புக்குறி நேர்கோட்டைக் காட்டும். பள்ளமும் பாறையும் அதற்குத் தெரியாது. நமது வடபகுதியிலும் வன்னியிலும் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் இடங்களில், கருவி எதைக் காட்டினாலும் பாதையை விட்டு ஓரடியும் வைக்கலாகாது. செய்மதி அதையும் அறியாது. அங்கு வாழும் மக்களே அறிவர்.

பெரியோர்களே! கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம்முடைய பகுதியிலே எத்தனையோ பழைய கேணிகளும், மடங்களும், சுமைதாங்கிகளும், ஆவுரஞ்சிக் கற்களும் இருக்கின்றன. சில பற்றைக்குள் மறைந்துவிட்டன. சில தெரு அகலிக்கும்போது அகற்றப்பட்டன. அவை எங்கெங்கே இருந்தன, யார் கட்டினார்கள், எதற்காகக் கட்டினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. அவ்விடத்தின் எண்களைச் சில மீட்டர்ப் பிழைக்குள் எடுத்துப் பதிந்து வைக்கும் கருவி எங்களிடம் இருக்கிறது. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ‘ஓப்பன்ஸ்ரீற்மப்’ என்ற பொதுத் தேசப்படத்தில், உலகெங்குமுள்ள சாதாரண மக்கள் இவ்வாறு தம் ஊர் விபரங்களைக் கூலியின்றிச் சேர்த்து வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் ஒருவரும் நாங்கள் இருவருமாக நடந்து சென்றால், ஓராண்டுக்குள் நமது சுற்றுப்புறம் முழுவதையும் பதிந்துவிடலாம். நீங்கள் முன்னே நடவுங்கள்; நாங்கள் கருவியோடு பின்னே வருகிறோம். இம்முறை அந்த ஒழுங்கை மாற்றமாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.

விழுந்த பிள்ளை மூன்று வாரத்தில் நடக்கத் தொடங்கிவிட்டான். அதோ, மூன்றாம் வரிசையில் தாயாருடன் அமர்ந்திருக்கிறான். ‘வந்த வழியாலேயே போவோம்’ என்று சொன்னவன் அவன். அவனிடமும், என்னை நம்பி அவனை அனுப்பிய தாயாரிடமும், வழிகாட்டியை அழைத்துச் செல்லச் சொன்ன பெரியவரிடமும் இச் சபை முன்னிலையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த விடுமுறையில் மீண்டும் அதே மலைக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். அந்த லயத்துப் பெரியவரே எங்களுக்கு முன்னே நடக்க இசைந்திருக்கிறார். வர விரும்புகிறவர்கள் செயலாளரிடம் பெயரைக் கொடுக்கலாம். பெற்றோரின் சம்மதக் கடிதம் அவசியம்.